வண்டிக்குப் பின்னால் ஒரு கொக்கி

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் தெருவில் மீன் வாடை குறைந்துவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அப்பாடா என்பார்கள். நான் அரிசி டப்பாவைத் திறந்து பார்ப்பேன். என் கணவர் கடலூர் துறைமுகத்திலிருந்து சிதம்பரத்துக்கு மீன் ஏற்றிப் போகிறவர். படகுகள் கரையில் நின்றால் எங்கள் பிக்கப்பும் வாசலில் நிற்கும். நிற்கிற வண்டியை அவர் தினமும் கழுவுவார். நேற்றுக் கழுவியதை இன்றும் கழுவுவார். மகள் பின்பக்கத் தொட்டியில் ஏறிச் சொப்புச் சாமான் வைத்து விளையாடுவாள். நான் சமையலறை ஜன்னலிலிருந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு, இது எத்தனை நாளைக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்தான். எங்கள் பிறந்த ஊர் கீரப்பாளையம் பக்கம். அண்ணன் பரங்கிப்பேட்டையில் பெண் எடுத்து, அங்கேயே ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கும் ஷெட் போட்டுவிட்டான். வயல்காட்டில் பிறந்தவன் படகுக்கு வைத்தியம் பார்க்கிறான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். மற்றவர்களுக்கு வேலை இல்லாத தடைக்காலத்தில்தான் அவனுக்குத் தலைக்கு மேல் வேலை. அப்போதுதான் எல்லாரும் படகைக் கரையேற்றி ஓட்டை அடைக்கக் கொண்டுவருவார்கள்.

கோழிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே அவன் விஷயத்துக்கு வந்தான்.

“மச்சான், உங்க வண்டி சும்மாதான நிக்குது. பின்னாடி ஹெவியா ஒரு கொக்கி செட்டு போட்ருங்க. ட்ரெய்லர் என்கிட்ட இருக்குது. ட்ராக்டர்காரனுங்க காலைல வரேன்னா சாயந்தரம்தான் வரானுங்க. நீங்க வந்தீங்கன்னா தடைக்காலம் முடியறவரைக்கும் படகு இழுத்துகினே இருக்கலாம்.”

கணவர் சோற்றைப் பிசைந்தபடி என் பக்கம் தலையை ஆட்டினார். “என்ன ஏன் கேக்குறீங்க மச்சான்? வண்டி உங்க தங்கச்சி பேர்ல இருக்குது.”

அது உண்மை. வண்டி வாங்கியபோது நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். மாதச் சம்பளம் வாங்குகிறவர் பேரில் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்று என் பேரில் எடுத்தோம். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். பேர் மட்டும் வண்டியில் ஒட்டிக்கொண்டது. நல்ல காரியம் என்றால் வண்டி அவருடையது. முடிவு எடுக்கச் சங்கடமான காரியம் என்றால் என்னுடையது.

“டீச்சரம்மாவா? அப்ப பாஸ் பண்றது கஷ்டம்தான்” என்றான் அண்ணன்.

சிரித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. மோர் வேண்டாம் என்றுவிட்டான்.

அன்றிலிருந்து என் தலைக்குள் அந்தக் கொக்கிதான். சரி என்று சொன்னால் அவருக்கு வேலை, அண்ணனுக்கு உதவி, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் படகு என்பது மீன் பெட்டி இல்லையே. இழுக்கும்போது ஏதாவது ஆனால்? வேண்டாம் என்றால் பயந்தாங்கொள்ளி என்று பேர். அதைவிட மோசம், புருஷனைச் சம்பாதிக்க விடாமல் வீட்டில் உட்கார வைத்தவள் என்று பேர்.

போனில் தேடினேன். வந்ததெல்லாம் வெளிநாட்டு வண்டிகள். பிக்கப் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள், ஆனால் பக்கத்தில் நிறுத்தினால் எங்கள் வண்டி பொம்மைபோல் தெரியும், அவ்வளவு பெரியவை. கம்பெனியிலேயே கனமான கொக்கி, இழுக்கும்போது எஞ்சின் சூடேறாமல் குளிரூட்டும் கருவி, பின்னால் வரும் ட்ரெய்லருக்குத் தனி பிரேக், அந்த பிரேக்கை ஓட்டுநர் பக்கத்திலிருந்தே இயக்க ஒரு பெட்டி, எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வெள்ளைக்காரர் நிதானமாக விளக்குகிறார். அவருக்குப் பின்னால் அகலமான சாலை, அதில் ஒரு ஆடு இல்லை, சைக்கிள் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

எங்கள் வண்டியோடு கொடுத்த கையேடு டாஷ்போர்டு அறைக்குள், காய்ந்துபோன எலுமிச்சம்பழத்துக்கும் பழைய துண்டுக்கும் அடியில் கிடந்தது. எடுத்து வாசித்தேன். இழுப்பது பற்றி ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அது, வண்டி வழியில் கெட்டுப்போனால் அதை எங்கே கட்டி இழுக்கவேண்டும் என்பது பற்றி. இந்த வண்டி எதை இழுக்கலாம் என்று ஒரு வரி இல்லை. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பேசிய பெண் ரொம்ப மரியாதையாக, ஓவர்லோடு ஏற்றாதீர்கள் மேடம் என்றாள். ஏற்றவில்லை, இழுக்கப்போகிறோம் என்றேன். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. திரும்பி வந்து, ஓவர்லோடு ஏற்றாதீர்கள் மேடம் என்றாள்.

நான் போனை வைத்ததைக் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன சொல்றாங்க?” என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் கேட்டிருக்கவேண்டிய கேள்விகளை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நானும் அவரும் மகளுமாக பைபாஸ் ஓரத்து வெல்டிங் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் இரண்டு விதமாகச் செய்யலாம் என்றார். சாதாக் கொக்கி என்றால் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் ஒரு தகடு வைத்து போல்ட் போட்டு முறுக்கிவிடுவார். ஜெனரேட்டர் இழுக்கிறவர்கள் அதுதான் போடுகிறார்கள். ஹெவி செட் என்றால் அடியில் சேஸிஸ் நெடுக இரண்டு பக்கமும் இரும்பு ஓடும், அதில் கொக்கி உட்காரும், ட்ரெய்லர் விளக்குக்கு ஒயர் இழுக்கவேண்டும், பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையில் கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கவேண்டும்.

பட்டை சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பாரம் இருந்தால் நன்றாக இருக்கும், காலி வண்டி கொஞ்சம் தூக்கிப்போடும் என்றார். சேஸிஸில் துளை போட்டால் ஆர்டிஓ ஆபீஸில் எஃப்சி காட்டும்போது கேள்வி வருமா? இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லவேண்டுமா? அறுந்தால் எது முதலில் அறும், கொக்கியா, போல்ட்டா? பட்டறைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“அக்கா, வண்டி வாங்கும்போது இவ்ளோ கேட்டீங்களா?”

“வாங்கும்போது தெரியலையே” என்றேன். கணவர் டீ சொல்லப் போய்விட்டார்.

அண்ணன்தான் போனில் ஒரு வழி சொன்னான். முதலில் சாதாக் கொக்கி போடுங்கள். ஆற்றங்கரையிலிருந்து என் ஷெட்டுக்குக் கொஞ்ச தூரம்தான். ஒரு சின்னப் படகை இழுத்துப் பாருங்கள். வண்டிக்குத் தெம்பு இருக்கிறது என்று தெரிந்தால் அப்புறம் ஹெவி செட் போடலாம். கேட்க நியாயமாக இருந்தது. எதைச் செய்தாலும் பரிசோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யவேண்டும் என்று வகுப்பில் சொன்னவள்தானே நான். ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகு, பட்டறையில் போல்ட்டுக்குத் துளை போடும் சத்தம் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஆட்கள் ஏற்கெனவே படகைத் தள்ளி ட்ரெய்லரில் ஏற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அண்ணன் என் மகளைத் தூக்கிக்கொண்டான். படகுக்காரர் வயதானவர், அதிகம் பேசாதவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். காலி படகுதான், எஞ்சின் கழற்றியாயிற்று, வலைகூட இறக்கியாயிற்று என்று அண்ணன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். என் கேள்விகள் அவனுக்குத் தெரியும்.

நான் முன்னால் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வண்டி எப்படி இழுக்கிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று நானே பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும் என்று நினைத்தேன். கணவர் கியர் போட்டார். பின்சக்கரம் மணலில் சுற்றியது, வண்டி நகரவில்லை. பின்தொட்டி காலி. பாரமே இல்லாத சக்கரம் எதைப் பிடித்து இழுக்கும்? அங்கிருந்தவர்களுக்கு இது புதிதில்லை. நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே தொட்டியில் ஏறி நின்று குதித்தார்கள். சக்கரம் மணலைக் கவ்வியது. படகு அசைந்தது. தார்ச்சாலைக்கு ஏறியதும் அவர்கள் குதித்து இறங்கி, தொட்டியைத் தட்டி, போ போ என்றார்கள்.

கணவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. “பாத்தியா?” என்றார். பார்த்தேன். நன்றாகத்தான் இழுக்கிறது. இவ்வளவு கேள்வி கேட்டது அநாவசியமோ என்று வெட்கமாகக்கூட இருந்தது.

தெருவுக்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் வீடு, வாசலில் சனம். மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் குழந்தைகள் கத்தும் சத்தம் கேட்டது, படகு வேடிக்கை பார்க்க ஓடிவருகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வீட்டுச் சந்திலிருந்து ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. கணவர் பிரேக்கை மிதித்தார்.

வண்டி நின்றது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் நிற்பதற்கு முன்னால் பின்னாலிருந்து ஏதோ ஒன்று எங்களைத் தள்ளியது. இடிக்கவில்லை, தள்ளியது. கூட்டமான பஸ்ஸில் பின்னாலிருப்பவர் முழு உடம்போடு சாய்கிற மாதிரி. ஆட்டுக்குட்டி தப்பித்துவிட்டது. நான் டாஷ்போர்டில் கை ஊன்றிக்கொண்டு, பக்கவாட்டுக் கண்ணாடியில் ட்ரெய்லர் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.

படகின் விளிம்புக்கு மேல் வரிசையாகக் குழந்தைகளின் தலைகள். முன்னால், படகின் மூக்கில், மஞ்சள் ரிப்பன். காலையில் நான் கட்டிவிட்ட ரிப்பன்.

கதவைத் திறந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அண்ணன் படகுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தான். அவன்தான் அவளைத் தூக்கி உள்ளே விட்டிருக்கிறான். குழந்தைகள் யாரும் பயப்படவில்லை. வண்டி குலுங்கியதற்கு ஓ என்று கத்தி, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் வாயிலும் கடலை மிட்டாய். நான் கையை நீட்டியதும் என் மகள் படகின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நான் வரமாட்டேன். மாமாதான் ஏத்திவுட்டாங்க.”

இழுத்துத்தான் இறக்கினேன். தெருவே கேட்கும்படி அழுதாள். மற்றக் குழந்தைகளையும் இறங்கச் சொன்னேன். யாரும் இறங்கவில்லை. வாசல்களில் நின்ற அவர்களுடைய அம்மாக்கள் என்னைப் பார்த்தார்கள். கோபமாக இல்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி.

“ஏம்மா, இது இங்க வழக்கம்” என்றான் அண்ணன், மெதுவாக. “படகு தெருவுல போச்சின்னா புள்ளைங்க ஏறும். படகுக்காரரு மிட்டாய் தருவாரு. ஷெட்டு வாசல்ல எறங்கிடும். எந்த ட்ராக்டர்லயும் அப்படித்தான். இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல.”

“நீ காலி படகுன்னியே அண்ணா.”

அவன் படகில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தான். படகுக்காரர்தான் பேசினார். அவர் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“புள்ளைங்க இல்லாம படக கயிறு கட்டி தெரு வழியா எடுத்துகினு போனா, பொணம் போற மாதிரி இருக்கும்மா. அதுக்குத்தான் ஏத்தறது.”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னது புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. போல்ட்டைப் பற்றிக் கேட்டேன், பட்டையைப் பற்றிக் கேட்டேன், படகு எவ்வளவு கனம் என்று அண்ணனைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த ஊரில் யாரும் காலி படகை இழுப்பதில்லை என்பது என் கேள்விகளில் எங்கேயும் இல்லை. ஏறாதீர்கள் என்று என் கணவர் ஒவ்வொரு தெருவிலும் இறங்கி நின்று சொல்வாரா? சொன்னால்தான் கேட்பார்களா? அவர் சொல்லக்கூடியவரும் இல்லை. யாராவது கேட்டுக்கொண்டால் மறுக்கத் தெரியாது அவருக்கு.

மீதித் தூரத்தை நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தே போனேன். கணவர் நடையைவிட மெதுவாக ஓட்டினார். ஷெட் வாசலில் குழந்தைகள் இறங்கி ஓடிவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் சொன்னபடியே ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வரும்போது புதுச்சத்திரம் தாண்டினோம். மகள் அழுது களைத்து என் மடியில் தூங்கிவிட்டாள். எதிரே வந்த லாரிக்காக ஒதுங்கும்போது அவர் ஆரம்பித்தார்.

“பிரேக் புடிச்சப்ப வண்டி நின்னுச்சி. ஆனா நான் நெனச்ச எடத்துல நிக்கல.”

“தெரியும். நானும்தான இருந்தேன்.”

“ஹெவி செட்டு போட்டா குலுங்காது. நல்லா புடிச்சிக்கும்.”

“கொக்கி புடிச்சிக்கும். பிரேக்?”

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். “ட்ரெய்லருக்கு ஏது பிரேக்? நம்ம வண்டியோடதுதான்” என்றார். பிறகு, “நீயே சொல்லு. பேரு உன்னுது” என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. நம்முடைய குழந்தை என்றேன். குழந்தை யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் கண்ணாடியில் அந்த ரிப்பனைப் பார்க்கவில்லையா என்ன? பார்த்தார். அவர் இறங்கி என் பின்னாலேயே ஓடிவந்ததை நான்தான் பார்த்தேனே. ஆலப்பாக்கம் வரும்போது, “வேணாம்னு நான் சொல்றேன். நீங்களும் சொல்லணும்” என்றேன். சரி என்று தலையாட்டினார். அவருடைய தோள் இறங்கியதைப் பார்த்தபோதுதான், அவரும் அதைத்தான் சொல்ல நினைத்திருக்கிறார் என்று தெரிந்தது. வேலை வேண்டாம் என்று ஆண்பிள்ளை முதலில் சொல்வதெப்படி?

அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. “சரிம்மா, ட்ராக்டர் கெடைக்கும்” என்றான். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவனிடமிருந்து போன் வரவில்லை. அண்ணி மட்டும் பேசினாள், மழை பற்றியும் தண்ணீர் பற்றியும். நான் ஒவ்வொரு நாளும் அவனைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். ட்ராக்டர்காரன் வராமல் அண்ணனுடைய வேலை நிற்கிறதோ? நான் செய்தது பிழையோ? ஒருவேளை குழந்தைகளை ஏற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிப் பார்த்திருக்கலாமோ? வாசலில் நின்ற அந்த அம்மாக்களும் படிக்காதவர்கள் இல்லை. அவர்களுக்கும் தங்கள் பிள்ளைகள்மேல் அக்கறை உண்டுதானே.

கணவர் சும்மா இருக்கவில்லை. பலாப்பழக் காலம் ஆரம்பித்திருந்தது. அண்ணாகிராமம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து சிதம்பரத்துக்குப் பழம் ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பாரம் தொட்டிக்குள்ளேயே இருந்தது, பின்னால் எதுவும் வரவில்லை. வீடு முழுக்கப் பலாப்பழ வாசனை. வண்டியைக் கழுவினாலும் போகவில்லை. பின்னால் அந்தச் சாதாக் கொக்கி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வண்டியைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் என் முழங்காலுக்குக் கீழே இடிக்கும். கழற்றிவிடலாம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் சிதம்பரத்தில் பழத்தை இறக்கிவிட்டு வரும்போது, நல்லதாக ஒரு பழத்தை அண்ணனுக்கு ஒதுக்கி வைத்திருந்தார். நானும் மகளும் கூடப் போயிருந்தோம். பரங்கிப்பேட்டைத் தெருவில் எங்களுக்கு முன்னால் ட்ராக்டர் ஒன்று படகை இழுத்துக்கொண்டு போனது. படகு நிறையக் குழந்தைகள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் கையாட்டினார்கள். என் மகளும் ஜன்னலில் தொங்கிக் கையாட்டினாள். அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, ட்ராக்டர் மெதுவாத்தான போவுது. நானும் ஏறட்டா?”

நான் பிடியை இன்னும் இறுக்கினேன். தெரு அகலமாக வந்த இடத்தில்கூட கணவர் முந்தவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. படகின் பின்னாலேயே, கொஞ்ச இடைவெளி விட்டு, ஷெட் வரைக்கும் வந்தார். குழந்தைகள் இறங்கி ஓடிய பிறகுதான் நான் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அண்ணன் பழத்தைத் தூக்கிப் பார்த்து, வாசனை பிடித்து, நல்ல பழம் மச்சான் என்றான். வண்டிக்குப் பின்னால் வந்தவன் கொக்கியைக் காலால் தட்டினான்.

“இன்னும் கழட்டலையா? அடுத்த வருஷத்துக்கு வெச்சிருக்கீங்களா?”

கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு துளி ஆசை இருந்தது, எனக்கு அது தெரியும். அடுத்த வருஷம் மறுபடி தடைக்காலம் வரும். வண்டி வாசலில் நிற்கும். மறுபடி இதே கேள்வி, மறுபடி நான்.

“இல்லண்ணா. போறப்ப கழட்டிடுவோம்” என்றேன்.

அண்ணன் என் தலையில் லேசாகத் தட்டினான். “பெயில் பண்ணிட்டியே டீச்சரம்மா” என்றான். பலாச்சுளை எடுக்க அண்ணியைக் கூப்பிட்டான்.

போகிற வழியில் பைபாஸ் பட்டறையில் கணவர் தானாகவே வண்டியைத் திருப்பினார். கொக்கி கழன்று வந்தது. போல்ட் போட்டிருந்த துளைகள் மட்டும் குறுக்குச் சட்டத்தில் தங்கிவிட்டன. தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கக் கூடாது என்று பட்டறைக்காரர் அவற்றில் ரப்பர் வைத்து அடைத்தார். கழுவும்போது தெறித்து விழுந்துவிடலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

இப்போது துறைமுகத்தில் மறுபடி மீன் வருகிறது. பள்ளி திறந்துவிட்டது. விடியும் முன் மீன் ஏற்றிப் போன வண்டி திரும்பி வந்ததும் அதில்தான் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறோம். ஏறுவதற்கு முன்னால் நான் பின்பக்கம் போய்க் குனிந்து பார்க்கிறேன். ரப்பர் அடைப்புகள் எல்லாம் இடத்தில்தான் இருக்கின்றன. தொட்டும் பார்க்கிறேன். அவர் ஹாரன் அடிக்கிறார். நேரமாகிறது என்று எனக்கும் தெரியும். இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுகிறேன்.